ஐம்பது காட்டும் வரை

பதினாலு அடி ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு கையால் கேபிள் டிரேயைப் பிடித்தபடி, இன்னொரு கையால் சிலிண்டரின் குமிழைத் திறந்தேன். ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம். ஹைட்ரஜன் கசிவைக் கண்டுபிடிக்கிற டிடெக்டரின் முகத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கப்புக்குள் 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த காற்று போய்க்கொண்டிருந்தது. திரையில் 0. பத்து விநாடி ஆயிற்று, 0. முப்பது விநாடி, 0. டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று நீளம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். மடங்கவில்லை. கப்பைக் கழற்றி உதட்டருகே வைத்தேன், காற்று லேசாகப் பட்டது. மறுபடி மாட்டினேன். இரண்டு நிமிடம் ஆன பிறகும் 0.

"என்ன தம்பி, எவ்வளவு காட்டுது?" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மூத்த டெக்னீஷியன் கேட்டார்.

"ஜீரோண்ணே."

அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இறங்கி வா" என்றார்.

இது நடந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அன்று இறங்கி நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனோம். பேனலில் அந்த டிடெக்டருக்குப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷிப்ட் பதிவேட்டைப் புரட்டினால், பக்கம் பக்கமாக, மூன்று ஷிப்டிலும், வெவ்வேறு கையெழுத்தில், அந்தக் கட்டத்தில் ஒரே எண்தான்: 0, 0, 0. எழுதியவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. பேனல் காட்டியதைத்தான் எழுதினார்கள். அந்த டிடெக்டர் என்றைக்குச் செத்தது என்பதை மட்டும் அந்தப் பதிவேட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இப்போது என் பிழைப்பே இதுதான். பை ஒன்றில் இரண்டு சிறிய சிலிண்டர்கள், ரெகுலேட்டர், டியூப், நாலைந்து அளவில் கப், ஒரு மேக்னட் பேனா. அனல் மின் நிலையம், காஸ்டிக் சோடா ஆலை, வனஸ்பதி ஆலை, பெரிய கட்டடங்களின் பேட்டரி அறை என்று ஹைட்ரஜன் இருக்கிற இடங்களுக்கெல்லாம் போய் டிடெக்டர்களுக்கு கேலிப்ரேஷன் செய்கிறேன். என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் "கேஸ் லீக் மிஷினைச் சரிபார்க்கிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இன்றைக்கு முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மின் நிலையத்தில் ஹைட்ரஜனுக்கு என்ன வேலை என்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 210 மெகாவாட் ஜெனரேட்டரின் வயிற்றுக்குள் இருப்பது காற்றில்லை, அழுத்தத்தில் நிரப்பிய ஹைட்ரஜன். நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிற ரோட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றினால் அந்த உராய்விலேயே நிறைய சக்தி வீணாகும். ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றில் பதினாலில் ஒரு பங்கு. அதோடு, சூட்டைக் கடத்துவதில் காற்றைவிட ஏழு மடங்கு கெட்டி. ஆகவே ரோட்டர் லேசாகச் சுற்றும், சுருள்களும் குளிர்ச்சியாக இருக்கும்.

இதில் என் மனசை விட்டுப் போகாத ஒரு தேதிப் பொருத்தம் உண்டு. ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் இறங்கும்போது எரிந்து விழுந்து 36 பேர் இறந்தது 1937 மே 6ஆம் தேதி. ஹைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட முதல் டர்போ ஜெனரேட்டர், அதே நாட்டின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஓடத் தொடங்கியது அதே 1937 அக்டோபரில். நடுவில் ஐந்தே மாதம். உலகமே அந்த வாயுவின் பெயரைக் கேட்டு நடுங்கிய வருஷத்தில், அதை ஒரு இயந்திரத்துக்குள் அடைத்து வேலை வாங்க ஒரு கூட்டம் துணிந்திருக்கிறது. எந்த அளவில் எரியும், எந்த அளவில் எரியாது என்று அளந்து வைத்திருந்ததால் வந்த துணிச்சல் அது.

காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது. 75 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது, எரிய ஆக்சிஜன் போதாது. ஜெனரேட்டருக்குள் 97, 98 சதவீதத்துக்குக் குறையாமல் தூய்மையாக வைத்திருக்கும் வரை உள்ளே ஆபத்தில்லை. நடுவில் இருக்கிற அந்த 4 முதல் 75 வரைதான் பயம். அதனால்தான் ஜெனரேட்டரைத் திறக்க வேண்டியிருந்தால் ஹைட்ரஜனை நேரடியாகக் காற்றால் தள்ள மாட்டார்கள். முதலில் கார்பன் டை ஆக்சைடை விட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள், பிறகு காற்றை விட்டு அதை வெளியேற்றுவார்கள். நிரப்பும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். ஹைட்ரஜனும் காற்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே கூடாது.

உள்ளே இருக்கிறவரை சரி. வெளியே வந்தால்?

சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், அதற்கென்றே மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பற்றிக்கொண்டாலும், பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். அமெரிக்க ராக்கெட் தளங்களில் அந்தக் காலத்தில் ஹைட்ரஜன் குழாய் அருகே போகிறவர்கள் ஒரு துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே சுடர் இருக்கிறது என்று அர்த்தம். இதைப் படித்த நாள் முதல் வீட்டுத் துடைப்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆட்களின் நினைவு வருகிறது. பற்றுவதற்குத் தேவையான சக்தியும் மிகக் குறைவு, ஒரு மில்லிஜூலில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சுளீர் என்று படுகிறதே, அந்தப் பொறியே இதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆக, மூக்கையும் கண்ணையும் நம்ப முடியாத இடத்தில் நாம் நம்புவது ஒரு கருவியை. அதற்குள் இருப்பதோ, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு மணிகள்.

பெலிஸ்டர் என்று பெயர். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேனைக் கண்டுபிடிக்க ஆலன் பேக்கர் என்பவர் உருவாக்கியது. மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி அலுமினா பூச்சு, உருண்டையாக ஒரு மணி. இப்படி இரண்டு. ஒன்றின்மேல் பல்லேடியம், பிளாட்டினம் போன்ற வினையூக்கி பூசியிருக்கும். மற்றொன்றில் அது இருக்காது. இரண்டையும் மின்சாரம் கொடுத்து 500 டிகிரி அளவுக்குச் சூடேற்றி வைத்திருப்பார்கள். எரியக்கூடிய வாயு வந்தால் வினையூக்கி பூசிய மணியின் மேல் சத்தமில்லாமல் எரியும். அந்த மணி மட்டும் கூடுதலாகச் சூடாகும், கம்பியின் மின்தடை ஏறும். இரண்டு மணிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்ஸ்டன் பிரிட்ஜ் என்ற மின்சுற்று அளக்கும். வெயிலோ மழையோ இரண்டு மணிக்கும் ஒன்றாகவே படுவதால் அது கணக்கில் சேராது. மணிகளுக்கு முன்னால் சல்லடையைவிட நெருக்கமான ஓர் உலோகத் தட்டு இருக்கும். வாயு அதன் வழியே உள்ளே போகலாம், உள்ளே பற்றினாலும் சுடர் வெளியே வர முடியாது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது: பெரிய தீ வராமல் இருக்க, ஒரு கடுகளவுத் தீயை உள்ளே வைத்துக் காவல் காப்பது.

அந்த அளவு, கம்பி வழியாகக் கண்ட்ரோல் ரூமுக்கு 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகப் போகும். வாயு இல்லையென்றால் 4. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம், அதாவது பற்றக்கூடிய கீழ் எல்லையை எட்டிவிட்டால் 20. இந்தக் கீழ் எல்லையைத்தான் நாங்கள் எல்.இ.எல். என்போம். டிடெக்டர் காட்டுவது அதில் எத்தனை சதவீதம் என்பதை. 2 சதவீத ஹைட்ரஜன் கொடுத்தால் பாதி எல்.இ.எல்., திரையில் 50 வர வேண்டும், கம்பியில் 12 மில்லிஆம்பியர் ஓட வேண்டும்.

வாயு இல்லாதபோதும் 4 மில்லிஆம்பியர் ஓடும்படி வைத்தவர் கெட்டிக்காரர். கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும், உடனே பேனலில் ஃபால்ட் விளக்கு எரியும். மணிக்குள்ளே சுருள் அறுந்தாலும் பிரிட்ஜ் சாய்ந்து ஃபால்ட் வரும். எலி கடித்தாலும் சரி, தண்ணீர் புகுந்தாலும் சரி, பெரும்பாலும் சொல்லிவிடும்.

சொல்லாத ஒரு சாவும் இருக்கிறது. சுருள் நன்றாக இருக்கும், சூடும் சரியாக இருக்கும், மேலே பூசிய வினையூக்கி மட்டும் செத்திருக்கும். அப்போது இரண்டு மணியும் ஒன்றுபோலவே இருக்கும். பிரிட்ஜ் துளிகூடச் சாயாது. கம்பியில் சுத்தமான 4 மில்லிஆம்பியர் ஓடும். திரையில் 0, பேனலில் பச்சை விளக்கு. ஆரோக்கியமான டிடெக்டர் நல்ல காற்றில் காட்டுவதும் அதேதான்.

நாங்கள் பார்த்த டிடெக்டர் அப்படித்தான் செத்திருந்தது. காரணத்தைத் தேடியபோது, சில மாதங்களுக்கு முன்பு அந்தப் பகுதியில் கூரைத் தகடுகளின் இடுக்கை அடைக்கும் வேலை நடந்தது தெரிந்தது. டிடெக்டரிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் சிலிக்கோன் பேஸ்ட் கோடுகோடாகப் பூசியிருந்தது. அது காயும்போது வெளிவரும் ஆவி சூடான மணியில் பட்டதும் சிதைந்து, மணலின் இனமான ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். வாயு வினையூக்கியைத் தொடவே முடியாது. சிலிக்கோன் ஸ்ப்ரே, சில பாலிஷ், சில கிரீஸ் எல்லாமே இதைச் செய்யும். ஈயச் சேர்மங்களும் கந்தகச் சேர்மங்களும்கூட அந்த மணிக்கு ஆகாது. வேலை செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெட்டி மூச்சு விடுகிற கருவி என்று அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை. வேலைக்கு முன் ஒரு பாலிதீன் பையைக் கட்டி மூடிவிட்டு, முடிந்ததும் மறக்காமல் எடுத்திருந்தால் தப்பியிருக்கும். இப்போதெல்லாம் எந்த ஆலைக்குப் போனாலும் டிடெக்டருக்குப் பக்கத்தில் பெயின்ட் வாசனை வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1980கள் வரை கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவியை வைத்திருந்தார்கள். அது பாடிக்கொண்டும் தத்திக்கொண்டும் இருக்கிறவரை அது உயிரோடு இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியும். பெலிஸ்டர் தானாக எதையும் சொல்லாது. ஆள் ஏணி ஏறிப் போய் வாயுவைக் கொடுத்தால்தான் தெரியும்.

சரி, கேலிப்ரேஷன் எப்படி நடக்கிறது?

முதலில் பர்மிட். பிறகு கண்ட்ரோல் ரூமில் அந்த டிடெக்டரை பைபாஸ் போடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் கொடுக்கிற வாயுவுக்கே அலாரம் அடித்து, சில இடங்களில் மின்சாரம் துண்டித்து, யூனிட்டே நின்றுவிடும்.

அடுத்தது ஜீரோ, அதாவது வாயு இல்லாதபோது 0 காட்ட வைப்பது. இங்கே நான் ஒரு முறை பெரிய தவறு செய்திருக்கிறேன். ஒரு பேட்டரி அறை. டிடெக்டர் 6 காட்டிக்கொண்டிருந்தது. சென்சார் நாளாக ஆக லேசாக நகர்வது வழக்கம், அதனால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்து மேக்னட் பேனாவை வைத்து ஜீரோ செய்துவிட்டேன். திரையில் 0 வந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்து வந்தால், திரையில் மைனஸ் 6. அப்புறம்தான் மேலே பார்த்தேன், எக்ஸாஸ்ட் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றிருந்தது. பேட்டரிகள் பூஸ்ட் சார்ஜில், அதாவது வேகமாகச் சார்ஜ் ஏறும் நிலையில் இருந்தன. டிடெக்டர் காட்டிய 6 நிஜமான ஹைட்ரஜன். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த கருவியை நான் வாயடைத்திருக்கிறேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதிலிருந்து, சுற்றியிருக்கிற காற்றை நம்பி ஜீரோ செய்வதில்லை. சுத்தமான காற்று அடைத்த தனிச் சிலிண்டர் ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

பேட்டரி விஷயத்தில் கணக்கு எளிது. லெட் ஆசிட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தால், அது தண்ணீரைப் பிரிக்கும். ஒரு செல்லில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் அப்படி ஓடினால் 0.42 லிட்டர் ஹைட்ரஜன். மின் நிலையத்தின் 110 செல் பேட்டரியில் 50 ஆம்பியர் முழுக்க இப்படிப் போனால் மணிக்கு 2,300 லிட்டர். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பார்த்தால், ஆறு செல், 10 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 25 லிட்டர். வராந்தாவில் இருக்கிற வரை கலைந்து போய்விடும். ஆனால் மாடிப்படிக்குக் கீழே மர அலமாரி செய்து, அழகுக்காகக் கதவும் போட்டு, அதற்குள் பேட்டரியை வைத்துப் பூட்டுகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. சொந்தக்காரர் வீடானால் சொல்லிவிடுவேன். கதவின் மேல் பாகத்தில் நாலு துளை போட்டால்கூட போதும், அது மேலே ஏறுகிற வாயு.

ஜீரோவுக்குப் பிறகு ஸ்பான், அதாவது தெரிந்த அளவு வாயுவைக் கொடுத்து எண்ணைச் சரிசெய்வது. நிமிடத்துக்கு அரை லிட்டர் மட்டும் விடுகிற ரெகுலேட்டரை மாட்டி, 2 சதவீத ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டும். எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 3, 11, 26, 37 என்று முதலில் வேகமாக ஓடி, பிறகு தயங்கித் தயங்கி 43, 45, 46 என்று நிற்கும். நின்ற பிறகும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு 37இல் இருக்கும்போதே ஐம்பதுக்கு இழுத்துவிட்டால் அப்புறம் இல்லாத வாயுவுக்கெல்லாம் கத்தும், கத்திக் கத்திக் கடைசியில் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். பேனாவை உறையின் மேல் குறித்த புள்ளியில் தொட்டால் போதும், வெடிப்புத் தடுப்பு உறையைத் திறக்காமலேயே 46, 50 ஆகும். ஐம்பதுக்குக் கொண்டுவர எவ்வளவு இழுக்க வேண்டியிருந்தது என்பதை நான் எழுதி வைப்பேன். போன முறை 46, இந்த முறை 35 என்றால், அடுத்த முறை வரை அந்தச் சென்சார் தாங்காது. இழுத்து ஐம்பது ஆக்கிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிப் போய்விடலாம்தான். நான் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு டிடெக்டர்கள், எல்லாமே விசித்திரமாக நடந்தன. வாயு கொடுத்ததும் எண் 30 வரை ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும். ஒன்றிரண்டு என்றால் சென்சார் கோளாறு. எல்லாமே ஒரே மாதிரி என்றால் கோளாறு என் கையில்தான் இருக்க வேண்டும். சிலிண்டர் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். ஹைட்ரஜன் 2 சதவீதம், மீதி நைட்ரஜன். காற்று கலந்ததைக் கேட்டு, நைட்ரஜன் கலந்தது வந்திருந்தது. மணியின் மேல் ஹைட்ரஜன் எரிய ஆக்சிஜன் வேண்டும். கப்புக்குள் மிச்சமிருந்த காற்றில் கொஞ்சம் எரிந்தது, அது தீர்ந்ததும் அணைந்தது. அந்த எண் ஏறி இறங்கியதில் மொத்த விஷயமும் அடங்கியிருந்தது. லேபிளில் மூன்று வரிகள்: என்ன வாயு, மீதி என்ன, காலாவதி எப்போது. இவற்றைச் சத்தமாக வாசித்த பிறகே இப்போது குமிழைத் திறக்கிறேன்.

2022 செப்டம்பர் 3ஆம் தேதி நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட் ஏவுதலை நிறுத்தியதும் ஒரு ஹைட்ரஜன் கசிவுதான். அவர்கள் வைத்திருந்த எல்லையும் அதே 4 சதவீதம்தான், அதைத் தாண்டிவிட்டது. பிறகு நவம்பர் 15 இரவு, ராக்கெட்டில் எரிபொருள் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே, கசிந்த ஒரு வால்வின் நட்டுகளை முறுக்க மூன்று பேர் ஏவுதளத்துக்குப் போனார்கள். முறுக்கினார்கள், கசிவு நின்றது, 16 அதிகாலை ராக்கெட் போயிற்று. அந்த மூன்று பேரும் அங்கே போனது ஒரு கருவி காட்டிய எண்ணை நம்பி.

நம் ஊரிலும் மகேந்திரகிரியில் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனைக் கையாண்டு கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிக்க வேண்டும் என்கிறது. அந்த வாயு போகிற ஒவ்வொரு கூரைக்கடியிலும் இப்படி ஒரு பெட்டி தொங்கும். அதற்குக் கீழே ஏணி போட இடம் விட்டிருக்கிறார்களா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். எட்டாத உயரத்தில், குழாய்களுக்கு நடுவே டிடெக்டரை மாட்டிவிட்டுப் போகிற வடிவமைப்பாளர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: ஹைட்ரஜன் மேலே போகும் என்பதால் டிடெக்டர் மேலே இருக்க வேண்டியதுதான். கீழே வரை ஒரு சின்னக் குழாயாவது இறக்கி வையுங்கள், வாயுவைக் கீழிருந்தே கொடுத்துக்கொள்கிறோம். எட்ட முடியாத டிடெக்டரை யாரும் சோதிக்க மாட்டார்கள்.

போன வாரம் ஒரு வேலை. கடைசி டிடெக்டர், மணி ஐந்தரை. 44 காட்டியதை 50 ஆக்கினேன். குமிழை மூடினேன். கப்பைக் கழற்றியதும் 50, 31, 12, 4 என்று இறங்கி 0 வந்தது. கூட வந்த பையன் புதுசு, இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்தவன். ஸ்டிக்கரில் தேதி எழுதிவிட்டு, பையைக் கட்டி, "போலாமாண்ணே?" என்றான்.

"பைபாஸ் எடுத்தாச்சா?"

அவன் வாக்கி டாக்கியை எடுத்துக் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டான். டிடெக்டர் எண்ணைச் சொல்லி, நார்மலில் போடச் சொன்னான். போட்டாயிற்று என்றார்கள். நான் அவனை மறுபடி ஏணியில் ஏறச் சொன்னேன். கப்பை மாட்டி இன்னொரு தடவை வாயு கொடுத்தான். இருபதைத் தாண்டும்போது, கீழே எங்கேயோ ஹூட்டர் அலறியது.

"இப்ப போலாம்" என்றேன்.